பட்டப்பகலில் லாந்தர்: புரூகலின் ‘எல்க்’ அச்சோவியம் சொல்வது என்ன?

பட்டப்பகல். தாடி வைத்த கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் லாந்தரோடு, பொதிகளுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவே எதையோ தேடிக்கொண்டு போகிறார். நீளமான அங்கி, குனிந்த முதுகு, கவனமான பார்வை. சற்றுத் தள்ளி, அதே சாயலில் இன்னொருவர் பீப்பாய்க்குள் புகுந்து துழாவுகிறார். வேறொருவர் மூட்டைகளைக் கிளறுகிறார். பின்னால் இருவர் ஒரு நீளத் துணியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். உற்றுப் பார்த்தால், இவர்கள் பலர் அல்ல, ஒரே ஆள்தான் என்று புரியும். ஆளின் பெயரும் படத்திலேயே எழுதியிருக்கிறது: ‘எல்க்’. டச்சு மொழியில் ‘ஒவ்வொருவரும்’ என்று பொருள்.

நெதர்லாந்துப் பகுதி ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் இந்தப் படத்தை வரைந்தது 1558-இல். பழுப்பு மையில் பேனாவால் வரைந்த மூலச் சித்திரம் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹெய்டன் என்று கருதுகிறார்கள். அச்சிட்டு விற்றவர், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரத்துப் பதிப்பாளர் ஹியரோனிமஸ் காக். படத்தின் அடியில் லத்தீன், பிரெஞ்சு, டச்சு என மூன்று மொழிகளில் செய்யுள் உண்டு. மனித மடமையைக் கேலி செய்யும் படங்கள் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ‘அதோ பார் முட்டாள்’ என்று யாரையோ சுட்டிக்காட்டும். அந்த வசதியை ‘எல்க்’ பார்ப்பவருக்குத் தருவதே இல்லை. ‘ஒவ்வொருவரும்’ என்று பெயர் வைத்துவிட்டால் யார்தான் தப்பிக்க முடியும்? எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் மரியாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படத்தைப் புரிந்துகொள்ள ஆண்ட்வெர்ப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷெல்ட் நதிக்கரைத் துறைமுகமான அந்த ஊரில் அப்போது ஏறக்குறைய 1,00,000 பேர் வாழ்ந்தார்கள். அன்றைய ஐரோப்பாவில் அது பெருநகரம். இங்கிலாந்தின் கம்பளித் துணி, ஜெர்மானியச் சுரங்கங்களின் வெள்ளியும் செம்பும், போர்த்துகீசியர் லிஸ்பன் வழியாகக் கொண்டுவந்த மலபார் மிளகு எல்லாம் அங்கே வந்து கைமாறின. 1531-இல் வணிகர்களுக்கென்றே ஒரு புதிய கூடம் திறந்தார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. சரக்கை அங்கே இறக்க வேண்டியதில்லை. பணப் பரிமாற்றச் சீட்டான உண்டியல் எழுதுவது, கடன் பேசுவது, விலை கேட்பது, வதந்தி கேட்பது எல்லாம் அங்கேதான். பல நாட்டுக்காரர்கள் பல மொழிகளில் பேரம் பேசிய இடம் அது.

ஹியரோனிமஸ் காக்கின் கடை அந்தக் கூடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ‘நான்கு காற்றுகள்’ என்று பெயர். 1548-இல் தொடங்கிய இந்தக் கடையைக் காக்கும் அவருடைய மனைவி ஃபோல்க்ஸ்கென் டீரிக்ஸும் சேர்ந்து நடத்தினார்கள். 1570-இல் காக் இறந்த பிறகும் அந்த அம்மா 1600 வரை தொழிலை விடவில்லை. ரோமாபுரிச் சிதிலங்கள், நிலக்காட்சிகள், இத்தாலிய ஓவியங்களின் நகல்கள், பேய்பிசாசுகள் நிறைந்த நீதிப் படங்கள் என்று எல்லா வகையும் அங்கே கிடைத்தன. சரக்கைக் கை மாற்றிவிட்டு வெளியே வருகிற வணிகர் நாலு அடி நடந்தால் இந்தக் கடை. ‘எல்க்’ படத்தில் கிடக்கிற பொதிகளின் மேல் வணிகர்களின் அடையாளக் குறிகள் போட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வணிகரும் தன் சரக்குக்குத் தனிக்குறி வைத்திருந்தார். துறைமுகத்தில் தினமும் அதே குறிகளைப் பார்க்கிறவர்கள், தங்கள் உலகத்தையே காகிதத்தில் பார்த்தார்கள்.

புரூகல் 1551-இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர். அடுத்த சில ஆண்டுகள் ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி இத்தாலி போய்வந்தார். திரும்பியதும் காக்குக்காக வரையத் தொடங்கினார். இன்று நாம் கொண்டாடுகிற அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின்னால் வந்தவை. 1550-களின் கடைசியில் அவர் முதன்மையாக அச்சுக்கு வரைகிறவர். அப்படி வரைந்தவை 60-க்கு மேல். ஆனால் அவரே தன் கையால் தகட்டில் இறக்கியது ‘முயல் வேட்டை’ என்ற ஒரே ஒரு படம்தான், 1560-இல். மற்றதெல்லாம் கூட்டு வேலை. படைப்பாளி வரைவார். செதுக்குபவர் அந்தக் கோடுகளைச் செப்புத் தகட்டுக்கு மாற்றி, கூரிய எஃகு உளியால் உழுதுகொண்டே போவார். உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். பிறகு தகட்டில் மை பூசி, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் மை தங்கும். ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே தள்ளினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். வரைந்தது காகிதத்தில் இடம்வலம் மாறித்தான் விழும். அதனால் அச்சுக்கென்று வரைகிறவர் அதையும் கணக்கில் வைத்தே வரைவார்.

ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கலாம். ஓவியம் ஒரு பணக்காரர் வீட்டுக்குப் போகும். அச்சோ கடைக்காரர், குமாஸ்தா, பாதிரியார், வெளியூர் வியாபாரி என்று யார் வீட்டுக்கும் போகும். மூன்று மொழியில் செய்யுள் போட்டதும் இந்தச் சந்தையை மனத்தில் வைத்துத்தான். காக் சந்தையை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தார் என்பதற்கு ஓராண்டுக்கு முந்தைய ஒரு சம்பவமே போதும். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்னும் புகழ்பெற்ற படத்தை 1556-இல் வரைந்தவர் புரூகல். 1557-இல் காக் அதை அச்சிட்டபோது படைப்பாளியின் இடத்தில் போட்ட பெயர் ஹியரோனிமஸ் பாஷ்! பாஷ் 1516-இலேயே இறந்துவிட்ட புகழ்பெற்ற ஓவியர். அவர் பெயருக்கு விலை இருந்தது, புரூகலின் பெயருக்கு இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இனி படத்துக்குள் போவோம். பகலில் விளக்கு என்றதும் அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு டயோஜெனிஸ் நினைவுக்கு வந்திருப்பார். ‘மனிதனைத் தேடுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு ஏதென்ஸ் நகரில் பட்டப்பகலில் விளக்கோடு திரிந்தவர் என்று கதை சொல்லப்படும் கிரேக்கத் தத்துவவாதி. அவர் தேடியது நேர்மையான ஒருவனை, மற்றவர்களுக்குள். புரூகல் அந்த விளக்கை அப்படியே எடுத்து எல்க்கின் கையில் கொடுத்துவிட்டுத் தேடலை மட்டும் திருப்பிவிடுகிறார். எல்க் தேடுவது தன்னைத்தான். தேடுகிற இடமோ மூட்டை, பீப்பாய், கூடை. அறிஞனின் விளக்கு பேராசைக்காரனின் கைக்கு வந்துவிட்டது என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி என்பது என் எண்ணம். எல்க்கின் முகத்தில் பேராசைக்காரனின் வெறி இல்லை. காரியத்தில் கண்ணாக இருக்கிற ஒருவரின் சிரத்தைதான் இருக்கிறது. கண் மங்கியதால் கண்ணாடி போட்டிருக்கிறார், அதுவும் போதாது என்று விளக்கு வேறு. பார்ப்பதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் அவரிடம் உண்டு. எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில்தான் கோளாறு.

இதே யோசனை புரூகலின் கையில் ஏற்கெனவே ஒரு முறை வந்துபோனதுதான். 1557-இல் அச்சான ‘பள்ளிக்கூடத்தில் கழுதை’ படத்தில் கழுதையின் முன்னால் இசைத்தாள் விரித்திருக்கும். மெழுகுவத்தியும் மூக்குக்கண்ணாடியும் தயாராக இருக்கும். படிக்கப் போனாலும் கழுதை கழுதைதான், குதிரையாகத் திரும்பி வராது என்று அடியில் எழுதியிருக்கும். அங்கே சிரிப்பது சுலபம், ஏனென்றால் மாட்டிக்கொண்டது கழுதை. மறு வருடமே அந்தக் கண்ணாடியும் வெளிச்சமும் கழுதையிடமிருந்து மனிதனிடம் வந்துவிட்டன.

எல்க்கின் காலடியில் உலகத்தைக் குறிக்கும் உருண்டை ஒன்று கிடக்கிறது. சுற்றிலும் சீட்டுக்கட்டு, விளையாட்டுப் பலகை, தட்டுமுட்டுச் சாமான்கள். தொழிலும் சூதும் விளையாட்டும் ஒரே தரையில் கலந்து கிடக்கின்றன. எது முக்கியம், எது குப்பை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அங்கே நேரமில்லை. உலகத்தையே காலடியில் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போகிறார் கிழவர்.

இந்தக் களேபரத்துக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. படத்துக்குள் படம். ஒருவன் உடைந்த வீட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கீழே டச்சில் ஒரு வரி: ‘யாரும் தன்னை அறிவதில்லை.’

இவன் யார் என்பது அன்றைக்குச் சொல்லாமலே தெரிந்த சங்கதி. அவன்தான் ‘யாருமில்லை’. லத்தீனில் நேமோ. இவனுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் மாட்டிக்கொண்ட ஒடிசியஸ், தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லித் தப்பிய கிரேக்கக் கதை எல்லாரும் அறிந்தது. கண் போன அரக்கன் ‘யாருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று அலற, உதவிக்கு வந்த மற்ற அரக்கர்கள் ‘யாரும் இல்லையென்றால் எதற்குக் கத்துகிறாய்’ என்று திரும்பிப் போய்விடுவார்கள். இடைக்காலத்துத் துறவிகள் வேதாகமத்தில் ‘யாரும்’ என்று வரும் வரிகளையெல்லாம் பொறுக்கி, அவற்றை ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாறாகக் கோத்துப் படித்துச் சிரித்தார்கள். கடவுளை யாரும் கண்டதில்லை என்றால், கண்டவர் புனித நேமோ! 1507 வாக்கில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து நாவிதர் யோர்க் ஷான் இந்த நேமோவை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் வெளியிட்ட படத்தாளில் நேமோவைச் சுற்றி உடைந்த சட்டிபானைகள், நாசமான பண்டபாத்திரங்கள். வாயில் பூட்டு தொங்குகிறது. வீட்டில் எது உடைந்தாலும் வேலைக்காரர்கள் சொல்லும் பதில் ‘யாரும் உடைக்கவில்லை’. ஆக, எல்லாப் பழியும் இவன் தலையில். பதில் பேச முடியாதபடி வாய்ப்பூட்டு வேறு.

புரூகல் அந்த உடைசல்களை வைத்துக்கொண்டார். அவன் கையில் ஒரு முகக்கண்ணாடியையும் கொடுத்தார். படம் முழுவதற்குமான சாவி இந்தச் சின்ன மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய கதையில் நேமோ மற்றவர்களின் குற்றத்தைச் சுமப்பவன். இங்கே மற்றவர்கள் செய்யாத வேலையைச் செய்பவன். ‘யாரும் தன்னை அறிவதில்லை’ என்ற வரியை நேராக வாசித்தால் உலகத்தைப் பற்றிய கசப்பான தீர்ப்பு. ‘யாருமில்லை’ என்பதை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டால், தன்னைப் பார்க்கிற ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் இல்லாதவன். கீழே அத்தனை எல்க்குகள் விளக்கோடு தேடுகிற பொருள், சுவரில், அவர்கள் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இங்கே அவசரப்படக் கூடாது. அந்தக் காலத்துப் படங்களில் முகக்கண்ணாடி ஞானத்துக்கு மட்டும் அடையாளம் அல்ல. அதே 1558-இல் காக் வெளியிட்ட ஏழு பெரும்பாவங்கள் வரிசையிலும் புரூகலே ஒரு கண்ணாடியை வரைந்திருக்கிறார். அங்கே ஆணவம் என்ற பெண் பக்கத்தில் மயில் நிற்கக் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்து மயங்குகிறாள். ஒரே கலைஞர், ஒரே ஆண்டு, ஒரே பொருள், நேரெதிர் அர்த்தம். அப்படியானால் நேமோ தன்னை அறிகிறானா, தன் அழகில் சொக்கிப்போயிருக்கிறானா? உடைசல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனுக்குச் சொக்கிப்போக அதிகம் இருக்காது என்பதால் நான் முதல் வாசிப்பின் பக்கம். ஆனால் இரண்டாவதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. தன்னையே பார்ப்பதும் ஒரு மடமையாகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்தப் படச் சட்டகத்துக்குள் இருக்கிறது.

அடியில் உள்ள லத்தீன் செய்யுள் ‘நேமோ’ என்ற சொல்லை அடுத்தடுத்த வரிகளில் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டியது. தன் ஆதாயத்தை எங்கும் தேடாதவன் யாருமில்லை, செய்கிற எல்லாக் காரியத்திலும் தன்னைத் தேடாதவன் யாருமில்லை, சொந்த லாபத்துக்கு வாய் பிளக்காதவன் யாருமில்லை, இவன் இழுக்கிறான், அவன் இழுக்கிறான், எல்லாருக்கும் இருப்பது உடைமை மேல் ஒரே ஆசை என்று அது போகிறது. டச்சுச் செய்யுள் இன்னும் குறும்பு. ஒவ்வொருவனும் எல்லா இடத்திலும் தன்னையே தேடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் எப்படித் தொலைந்துபோக முடியும் என்று அது கேட்கிறது. சுயநலத்தையும் சுய அறிவையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்த கேள்வி இது. ‘தன்னைத் தேடுவது’ என்றால் தன் பங்கைத் தேடுவது என்றும் கொள்ளலாம், தான் யார் என்று தேடுவது என்றும் கொள்ளலாம். எல்க் முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைச் செய்வதாக நம்புகிறார். பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் இந்தப் படத்தை முடித்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே கேலிக்கு உள்ளாவது அந்தக் குழப்பம்.

துணியை இழுக்கும் அந்த இருவரும் அன்றைய பேச்சுவழக்கிலிருந்து வந்தவர்கள். நீளமான பங்குக்காக இழுப்பது என்று டச்சில் ஒரு சொலவடை. மறு ஆண்டே, 1559-இல், இப்போது பெர்லினில் இருக்கும் பழமொழிகள் ஓவியத்தில் புரூகல் அதை மறுபடி வரைந்தார். அங்கே துணிக்குப் பதில் ரொட்டித் துண்டு. அச்சோவியத்தில் வேடிக்கை என்னவென்றால், ஒரு முனையில் இழுப்பவரும் எல்க், மறு முனையில் இழுப்பவரும் எல்க். ஒருவர் ஜெயித்தால் தோற்பவரும் அவரேதான். தன்னிடமிருந்தே பிடுங்கித் தானே பணக்காரன் ஆகிற முயற்சி. ஒரு நகரத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சிக்கனமாக வரைந்த யாரையும் எனக்குத் தெரியாது.

புரூகலை மனித குலத்தைத் திட்டித் தீர்க்கிற நீதிபோதகராகப் பார்க்கும் எழுத்துகள் நிறைய உண்டு. அந்தப் பார்வையை என்னால் ஏற்க முடியவில்லை. திட்டுகிறவன் கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். இந்தப் படமோ வணிகர் கூடத்துக்குப் பக்கத்தில், லாபம் பார்க்கிற ஒரு கடையில், காசுக்கு விற்ற சரக்கு. வரைந்தவருக்கும் கூலி, செதுக்கியவருக்கும் கூலி, காக்குக்கு வருமானம். சந்தைக்காக இறந்துபோனவர் பெயரையே போட்டு விற்றவர் அவர். வாங்கியவரும் ஒருவேளை அன்று காலை யாருடனோ துணியின் மறுமுனையை இழுத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல்லுக்குள் இவர்கள் எல்லாரும் அடக்கம். இதைத் தெரிந்தே செய்தார்கள் என்றுதான் நம்புகிறேன். தெரியாமல் செய்திருந்தால் சுவரில் நேமோவுக்கு இடம் கிடைத்திருக்காது.

படத்தின் தொலைவை மறந்துவிடக் கூடாது. பின்னணியில் கூடாரங்களும் போர்வீரர்களும் தெரிகிறார்கள். பொதிமூட்டைப் படத்தில் படைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்த ஆண்டுகளில், ஆண்ட்வெர்ப்பையும் ஸ்பெயினையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் பிரான்சோடு போரில் இருந்தது. 1559-இல்தான் சமாதானம் வந்தது. போருக்கான பணத்தில் பெரும்பகுதி ஆண்ட்வெர்ப் சந்தையில் வட்டிக்கு எடுத்த கடன். 1557-இல் அந்தக் குடும்பத்து ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவைத்தார். கடன் கொடுத்த ஃபுக்கர் குடும்பம் போன்ற பெரும் ஜெர்மானிய வங்கியாளர்களுக்கே அது பேரிடி. அந்த அடியின் அதிர்வு அடங்காத நேரத்தில் வந்த படம் இது. அந்தச் சம்பவத்துக்காகவே வரைந்தார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, சொல்லவும் தேவையில்லை. முன்னால் குறி போட்ட பொதிகளையும் பின்னால் கூடாரங்களையும் ஒரே காகிதத்தில் பார்த்த ஆண்ட்வெர்ப் வணிகருக்கு, இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகிற பற்றும் வரவும் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. படையின் பக்கம் கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் அன்று அந்தத் தூண் வரிசையில் நின்றவர்களின் கவலை.